பனி இப்படி அசையாமல் இருக்காதே

மலைச்சரிவு ஒன்றில் நாங்கள் நிறுவியிருந்த பனி ஆழமானி, மூன்று நாட்களாக 112 செ.மீ. என்ற ஒரே எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரியில் குறையில்லை. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வரவேண்டிய செய்தி ஒன்றுகூடத் தவறவில்லை. நான் எழுதிய மென்பொருளின் கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சையாக இருந்தது. பல்லாண்டுகளாகப் பனியில் குழி வெட்டி அடுக்குகளைப் படித்துப் பழகிய மூத்த சகப் பணியாளர் ஒருவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் பனி ஆழத்தைக் காட்டிய வரைகோட்டினைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "இது பனியின் கோடு இல்லைங்க, பனி இப்படி அசையாமல் இருக்காதே" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. புதிதாக விழும் பனியின் அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். அதன் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. விழுந்த கணத்திலிருந்தே படிகங்களின் கூரிய கிளைகள் உடைந்தும் மழுங்கியும், தொடும் இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டியும், பனி தன் எடையாலேயே அமுங்கத் தொடங்குகிறது. நாட்கள் செல்லச் செல்ல அடர்த்தி 200, 300 என்று ஏறுகிறது. ஆகவே புதுப்பனி விழாமலும் பழைய பனி உருகாமலும் இருக்கிற அமைதியான நாட்களில்கூட ஆழத்தைக் காட்டும் கோடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று வீசினால் ஓரிடத்தில் சுரண்டிய பனியை மற்றோரிடத்தில் குவிக்கும். அப்போது கோடு துள்ளும். மூன்று நாட்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மாறாத பனியை நான் எங்கும் கண்டதில்லை. இவற்றை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். ஆனால் நான் எழுதிய நிரலுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. செய்தி வந்ததா, எண் எல்லைக்குள் இருக்கிறதா என்ற இரண்டை மட்டுமே அது பார்த்தது.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. கருவியின் உள்கடிகாரம், மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து மில்லி விநாடிகளை எண்ணும் 32 பிட் எண். அதன் உச்ச அளவு ஏறத்தாழ 429 கோடி. நாட்கணக்கில் சொன்னால் 49.7 நாட்கள். அதன் பிறகு அது சுழியத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த அளவீடு எப்போது என்ற நேரத்தை நான் 64 பிட் எண்ணாக வைத்திருந்தேன். கடிகாரம் அந்த நேரத்தை எட்டியதும் அளக்க வேண்டும் என்பது என் கட்டளை. நவம்பர் முதல் நாள் நிறுவப்பட்ட கருவியின் கடிகாரம் டிசம்பர் 20-ஆம் நாள் சுழியத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு, தன்னால் ஒருநாளும் எட்ட முடியாத ஒரு நேரத்துக்காக அது காத்துக்கொண்டே இருந்தது. செய்தி அனுப்பும் பகுதி தனியாக எழுதப்பட்டிருந்ததால், நினைவில் கடைசியாக இருந்த 112 என்ற எண்ணைத் தவறாமல் அனுப்பிவந்தது. ஆய்வகத்தில் இரண்டு வாரம் இடைவிடாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அதை மலைக்கு அனுப்பியிருந்தோம். ஐம்பதாவது நாளில் வெளிப்படும் பிழையை இரண்டு வாரச் சோதனை ஒருபோதும் காட்டப்போவதில்லை.

திருத்தம் இரண்டு வரிதான். எதிர்கால நேரத்தை நினைவில் வைப்பதற்குப் பதிலாக, கடைசியாக அளந்ததிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்று கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் குறியற்ற, அதாவது எதிர்மறைக்கு இடமில்லாத, 32 பிட் எண்களாகவே வைத்துக் கழித்தால், கடிகாரம் சுழன்று திரும்பினாலும் விடை சரியாகவே வரும். ஆனால் நான் பகிர விரும்புவது சோதிக்கும் முறையைத்தான். அன்று முதல் எங்கள் கருவிகள் ஆய்வகத்தில் சுழியத்திலிருந்து தொடங்குவதில்லை. கடிகாரம் திரும்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து தொடங்குகின்றன. ஐம்பது நாள் காத்திருந்து பார்க்க வேண்டியதை அரை மணி நேரத்தில் பார்த்துவிடுகிறோம். தேதி மாறும் நள்ளிரவு, ஆண்டு மாறும் இரவு, பிப்ரவரி 29 ஆகியவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். நீண்ட நேரம் ஓடும் கருவிகளின் கடிகாரப் பிழை எவ்வளவு கொடியது என்பதற்கு 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்தது சான்றாக இருக்கிறது. பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 0.1 விநாடியை 24 பிட்டில் வெட்டிச் சேமித்ததால் ஏற்பட்ட மிகச்சிறு குறை, 100 மணி நேரத் தொடர் இயக்கத்தில் 0.34 விநாடியாக வளர்ந்தது. வந்த ஏவுகணையை அது தவறவிட்டதில் 28 படைவீரர்கள் உயிரிழந்தார்கள்.

நான் பனியியலில் தொடங்கி, பனி உருகிய நீர் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வியைத் தொடர்ந்து நிலச்சரிவு ஆய்வுக்கு வந்தவன். அந்த ஆய்வின் கணக்குகள் இரவில் யாரும் விழித்திருக்காத நேரத்திலும் ஓட வேண்டியிருந்ததால் மென்பொருள் நம்பகத்தன்மையைக் கற்றுக்கொண்டேன். மூன்று வேலைகளா என்று பலர் கேட்பார்கள்; எனக்கு அது ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. பனியும் மண்ணும் எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதையே மென்பொருளுக்கான சோதனையாக எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் கற்றது. நிரலாளர்களிடம் சோதனை எழுதும் பழக்கம் உண்டு, ஆனால் பனியைப் பற்றிய அறிவு இருப்பதில்லை. களப்பணியாளர்களிடம் அந்த அறிவு நிறைய உண்டு, ஆனால் அதைச் சோதனையாக எழுதலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. 112 செ.மீ. நிகழ்வுக்குப் பிறகு நாங்கள் சேர்த்த முதல் சோதனை, ஆறு மணி நேரத்துக்கு எண் துளியும் மாறவில்லையென்றால் கருவி நின்றுவிட்டதாகக் கொள் என்பது. அந்த மூத்தவரின் ஒரு வாக்கியத்தை அப்படியே நிரலாக்கியதுதான் அது.

இதைவிட நெடுநாள் என்னை உறுத்திய பிழை ஒன்று நிலச்சரிவுக் கணக்கில் நேர்ந்தது. ஒரு சரிவு நிற்குமா என்று பார்க்க, மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையை அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுக்கிறோம். அந்தப் பாதுகாப்பு எண் 1-க்கு மேல் இருந்தால் நிற்கும், கீழே போனால் சரியும். பிணைப்பில்லாத உலர்ந்த மணலுக்கு இந்தக் கணக்கு மிகவும் எளிது: மணலின் உராய்வுக் கோணத்தின் (அந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய உச்சக் கோணத்தின்) டேன்ஜென்ட்டைச் சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் போதும். பழைய கணக்கு ஒன்றைப் புதிய மொழிக்கு மாற்றி எழுதியபோது, கோணத்தைப் பாகையிலிருந்து, கணினியின் டேன்ஜென்ட் கணக்கு எதிர்பார்க்கும் அலகான ரேடியனுக்கு மாற்றும் வரியை நான் விட்டுவிட்டேன். 35 பாகை உராய்வுக் கோணம், 38 பாகைச் சரிவு என்று கொடுத்தால் சரியான விடை 0.90, அந்தச் சரிவு நிற்காது. என் நிரல் சொன்ன விடை 1.53. பொறியாளர் எவரும் நிம்மதியாகக் கையெழுத்திடும் எண் அது.

இந்தப் பிழைக்குச் சோதனையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம், இருந்தது. சரிவுக் கோணமும் உராய்வுக் கோணமும் சமமாக இருந்தால் விடை சரியாக 1 வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். பாடநூலில் வரும் சோதனைதான், சரியானதுதான். ஆனால் இரண்டு கோணங்களும் ஒரே விதமாகத் தவறும்போது வகுத்தல் அந்தத் தவற்றை விழுங்கிவிடுகிறது. பிழையான நிரலும் அந்தச் சோதனையில் 1 என்றே விடை தந்து தேறியது. சரிவுக் கோணத்தை 30 பாகை என்று கொடுத்திருந்தால் எதிர்மறை எண் வந்து அன்றே அகப்பட்டிருக்கும். நான் எடுத்துக்கொண்ட 38-ம் 35-ம் பார்வைக்கு நியாயமான விடையைத் தந்துவிட்டன. கடைசியில் இதைப் பிடித்தது கணினி அல்ல. களத்தில் குறிப்பேட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, உலர்ந்த மணல் தன் உராய்வுக் கோணத்தைவிடச் செங்குத்தாக எப்படி நிற்கும் என்ற எளிய கேள்வி எழுந்தது. மணல் குவியலைக் கண்ட எவருக்கும் அது தோன்றும். அந்த இடத்திலேயே அமர்ந்து பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் எழுதும் சோதனைகளின் தன்மையே மாறிவிட்டது. ஓர் உள்ளீட்டுக்கு ஒரு விடை என்று சரிபார்ப்பதோடு நிற்காமல், விடை எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதையும் கேட்கத் தொடங்கினேன். சரிவைப் பாகை பாகையாகச் செங்குத்தாக்கினால் பாதுகாப்பு எண் ஒவ்வொரு முறையும் குறைய வேண்டும். ஓரிடத்தில் ஏறினாலும் நிரல் தவறு. மண்ணுக்குள் நீர்மட்டத்தை உயர்த்தினால் எண் குறைய வேண்டும், ஏனென்றால் மண்ணின் இடுக்குகளில் நிற்கும் துளைநீரின் அழுத்தம் மண்மணிகளை ஒன்றையொன்று அழுத்தவிடாமல் தாங்கிக்கொள்கிறது. உராய்வு மணிகளுக்கு இடையிலான அழுத்தத்தில்தான் பிறக்கிறது. 25 பாகைச் சரிவில் 35 பாகை உராய்வுள்ள மணல் உலர்ந்திருக்கும்போது பாதுகாப்பு எண் 1.5. மேற்பரப்புவரை நீர் நிறைந்து சரிவுக்கு இணையாக ஓடும்போது அது ஏறக்குறைய பாதியாகி 0.77-க்கு வந்துவிடும். இந்தப் பாதியாகும் கணக்கும் இப்போது ஒரு சோதனை. செங்குத்தாக்கிப் பார்க்கும் சோதனை மட்டும் அன்று இருந்திருந்தால், அந்த ரேடியன் பிழை ஒரு நிமிடம்கூடப் பிழைத்திருக்காது. நிரலில் எண்களைத் தாங்கும் மாறிகளின் பெயரிலேயே அலகை எழுதிவைப்பதையும் அன்றுதான் கட்டாயமாக்கினோம்: சரிவு என்ற பெயரில் மாறி கிடையாது, சரிவு_பாகை அல்லது சரிவு_ரேடியன் என்றுதான் இருக்கும்.

இனிச் சுழியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மூன்று துறைகளிலும் நான் கண்ட பிழைகளில் அடிக்கடி வருவதும் ஆபத்தில் முதலிடம் பெறுவதும், தகவல் இல்லாத இடத்தில் 0 என்று எழுதிவிடுவதுதான். மீயொலியால், அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால், பனி ஆழத்தை அளக்கும் கருவி, தன்னிடமிருந்து புறப்பட்ட ஒலி பனியில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால் அருகிலேயே ஒரு வெப்பமானியும் இருக்கும். 0 பாகையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர் செல்லும். மைனஸ் 20-இல் 319 மீட்டர்தான். ஒரு குளிர்காலத்தில் அந்த வெப்பமானியின் கம்பி உறைபனியின் எடையில் அறுந்துபோனது. மதிப்பு வராதபோது 0 என்று வைத்துக்கொள் என்று நிரலில் எழுதியிருந்ததால், மைனஸ் 20-க்கு இறங்கிய இரவுகளிலும் கருவி 331 என்றே கணக்கிட்டது. மூன்று மீட்டர் கீழே இருந்த பனிப்பரப்பை 12 செ.மீ. கூடுதல் தொலைவில் இருப்பதாக அது கொண்டதால், ஒவ்வோர் இரவும் பனி குறைவதாகவும், வெயில் ஏறிக் காற்று 0 பாகையை நெருங்கும் ஒவ்வொரு பகலும் மேகமே இல்லாத வானத்திலிருந்து 12 செ.மீ. புதுப்பனி விழுவதாகவும் திரையில் தெரிந்தது. பனிச்சரிவு அபாயத்தைக் கணிப்பவருக்குப் புதுப்பனியின் அளவைவிட முதன்மையான எண் கிடையாது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும்.

சுழியம் இங்கே ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால், இந்தத் துறையில் அது எப்போதும் உண்மையான விடையாகவும் இருக்கக்கூடும். பனிக்கு 0 பாகை என்பது உருகும் புள்ளி, எல்லாவற்றையும் மாற்றிவிடும் வெப்பநிலை. மழைக்கு 0 என்பது ஆண்டின் பெரும்பாலான மணி நேரங்களின் சரியான விடை. மழைமானி அடைத்துக்கொண்டாலும் 0-தான் காட்டும். கவிழும் கிண்ணம் கொண்ட மழைமானியில், 0.2 மி.மீ. போன்ற ஓர் அளவு நீர் சேர்ந்ததும் கிண்ணம் கவிழ்ந்து ஓர் எண்ணிக்கை கூடும். புனலில் பனி நிறைந்துவிட்டால் கிண்ணம் கவிழவே கவிழாது. புயல் முழுவதும் 0 காட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தெளிந்த வெயிலில் புனல் பனி உருகும்போது மழை என்று பதிவு செய்யும். புனலைச் சூடாக்கும் வசதியுள்ள மழைமானிகள் உண்டு. அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் தொலைமலையில் கிடைப்பதில்லை.

எங்கள் கணக்கில் ஒருமுறை இது மெய்யான தவறாகவே முடிந்தது. பெருமழை இரவு ஒன்றில் தொலைத்தொடர்புக் கோபுரம் மின்சாரம் இழந்தது. மூன்று மழைமானிகளும் அந்த ஒரே கோபுரத்தின் வழியாகப் பேசிக்கொண்டிருந்தன. வராத தரவை 0 என்று நிரப்பிய நிரல், மழை நின்றுவிட்டதாகக் கொண்டு எச்சரிக்கை நிலையைத் தானே குறைத்துவிட்டது. விடிவதற்குள் சாலையின் ஒரு வளைவில் மண் இறங்கியது. அந்நேரம் அங்கே யாரும் செல்லவில்லை. அதற்கு எங்கள் ஏற்பாடு எதுவும் காரணமில்லை என்பதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதினோம், ஏனென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில்தான் இப்படிப்பட்ட நிகழ்வுகள் ஆராயப்படாமல் போகின்றன. எந்தப் புயல் சரிவைக் குலைக்கிறதோ அதே புயல்தான் மின்கம்பியையும் கோபுரத்தையும் சாய்க்கிறது. மூன்று மழைமானிகள் இருக்கின்றனவே என்று எண்ணியது எங்கள் தவறு. ஒரே கோபுரத்தை நம்பியிருக்கும் மூன்று மழைமானிகள் அந்த இரவுக்கு ஒரு மழைமானிக்குத்தான் சமம். இப்போது அவற்றில் ஒன்று செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறது; அது அனுப்பும் தரவு குறைவு, செலவு கூடுதல், ஆனால் அதன் பாதை தனி.

திரையிலும் அன்று ஒரு நிறம் கூடியது. அதுவரை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றே இருந்தன. தரவு வராத இடம் பச்சையாகவே தெரிந்தது. இப்போது தெரியவில்லை என்பதற்குச் சாம்பல் நிறம் உண்டு. நிரல் தானாகச் சாம்பலிலிருந்து பச்சைக்குச் செல்ல முடியாது. தரவு நின்றபோது நிலை என்னவோ, அதற்குக் கீழே இறக்கப் பணியில் இருக்கும் ஒரு மனிதர் பெயரிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை ஏற்கவைக்க நான் பல கூட்டங்களில் பேசவேண்டியிருந்தது, ஏனென்றால் சாம்பல் நிறம் நிறையத் தெரியும் திரை பார்ப்பதற்கு நன்றாக இருப்பதில்லை.

தவறான எண்களை வடிகட்டுவதிலும் நான் ஒருமுறை பெரிதாகத் தடுமாறினேன். சரிவின் நகர்வை அளக்கும் கருவிகளில் இரைச்சல் நிறைய இருக்கும். ஆகவே வழக்கமான ஏற்ற இறக்கத்தைவிட மிக அதிகமாகத் துள்ளும் எண்களை நீக்கும் வடிகட்டி ஒன்றை எழுதினேன். வரைபடம் மிக அழகாக வந்தது. பிறகு, ஏற்கெனவே சரிந்து முடிந்த ஒரு சரிவின் பழைய தரவை அதன் வழியாக ஓட்டிப் பார்த்தபோது, சரிவதற்கு முந்தைய கடைசி மணி நேரங்கள் வரைபடத்தில் இல்லை. ஒரு சரிவு விழுவதற்கு முன் வேகமெடுக்கும். அந்த வேகத்தைத்தான் என் வடிகட்டி, நம்ப முடியாத எண் என்று வெட்டி எறிந்திருந்தது. ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ 1985-இல் காட்டிய முறை இந்த வேகமெடுப்பை நம்பித்தான் நிற்கிறது: நகர்வு வேகத்தின் தலைகீழ் மதிப்பைக் காலத்தோடு வரைந்தால், பல சரிவுகளில் அது ஏறக்குறைய நேர்கோடாக இறங்கி, சுழியத்தைத் தொடும் இடம் சரியும் நேரத்துக்கு அருகில் வரும். நாளுக்கு 2 மி.மீ. நகர்ந்த சரிவு ஐந்து நாளில் 4 மி.மீ. ஆனால் தலைகீழ் மதிப்பு 0.5-லிருந்து 0.25-க்கு வருகிறது, கோடு அப்படியே நீண்டால் இன்னும் ஐந்து நாள்தான். எல்லாச் சரிவும் இந்த ஒழுங்கில் நடப்பதில்லை என்றாலும், நடப்பதைக் காணும் வாய்ப்பையே நான் அழித்துவிட்டிருந்தேன்.

இடைவிடாத அளவீடு எதைச் சாதிக்கும் என்பதற்கு சுவிட்சர்லாந்தில் இரண்டு நிகழ்வுகள் உள்ளன. பிரியன்ஸ் ஊர் மக்கள் 2023 மே மாதத்தில் வெளியேற்றப்பட்டு ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். ஜூன் 15 நள்ளிரவை ஒட்டி இறங்கிய பாறைத்திரள் வீடுகளுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. பிளாட்டன் ஊரிலிருந்து ஏறக்குறைய 300 பேர் 2025 மே மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். மே 28 அன்று மேலிருந்த பனியாறு பாறைகளோடு இடிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. அப்பகுதியில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்கள் ஊரில் இல்லாததால் தப்பினார்கள். இந்த நிகழ்வுகளைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் கருவிகளுக்கும் முடிவெடுத்த மனிதர்களுக்கும் இடையில் என் வடிகட்டி போன்ற ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை. எங்கள் நடைமுறையில் இப்போது இரண்டு விதிகள் உண்டு. கருவியிலிருந்து வந்த மூல எண்ணை எவரும் எக்காலத்திலும் மாற்றவோ நீக்கவோ கூடாது. ஐயத்துக்குரியது என்று பக்கத்தில் குறி போடலாம், அவ்வளவே. அடுத்து, மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியாகும் முன், உண்மையில் சரிந்த சரிவுகளின் பழைய தரவு முழுவதும் அதன் வழியாக ஓட வேண்டும். ஒரு சரிவையேனும் அது தவறவிட்டால் பதிப்பு வெளியாகாது.

பனியும் நிலச்சரிவும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. நெல் கெய்ன் என்பவர் 1980-இல் 73 நிகழ்வுகளைத் தொகுத்து, எவ்வளவு நேரம் எவ்வளவு தீவிரமாக மழை பெய்தால் ஆழமற்ற நிலச்சரிவு நேரலாம் என்பதற்கு ஒரு வரம்புக் கோட்டைத் தந்தார். அந்தச் சமன்பாட்டின்படி ஒரு நாளுக்கு ஏறக்குறைய 103 மி.மீ., மூன்று நாளுக்கு ஏறக்குறைய 200 மி.மீ. வரும். இது கீழ்வரம்புதான், அதைத் தாண்டிய எத்தனையோ மழைகளில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் பனி மூடிய சரிவில் இந்தக் கோட்டை மழைமானியோடு மட்டும் ஒப்பிடுவது பெருந்தவறு. கன மீட்டருக்கு 300 கிலோ அடர்த்தியுள்ள ஒரு மீட்டர் பனிக்குள் 300 மி.மீ. நீர் காத்திருக்கிறது. மூன்று நாளில் 135 மி.மீ. மழை பெய்தால் மழைமானி வரம்புக்குள்தான் காட்டும். அதே மூன்று நாளில் நாளுக்கு 30 மி.மீ. பனி உருகினால் மண்ணுக்குள் சென்ற நீர் 225 மி.மீ. மழை பனியை உருக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். கணக்குப் போட்டால் 5 பாகையில் பெய்யும் 40 மி.மீ. மழையின் வெப்பம் 2.5 மி.மீ. பனியைத்தான் உருக்கும். உண்மையில் உருக்குவது மழையோடு வரும் ஈரமான வெப்பக்காற்றும், அதன் நீராவி பனியின் மேல் குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பமும்தான். ஆகவே காற்றின் வேகமும் ஈரப்பதமும் இல்லாத கணக்கு, பெருவெள்ள நாளிலும் உருகல் குறைவு என்றே சொல்லும்.

சரிவுக் கோணத்தைக் கணினி எங்கிருந்து எடுக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பலகை போல் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் தொடங்குகின்றன. 30 மீட்டர் கட்டங்களாலான உயர வரைபடத்தில், 15 மீட்டர் உயரத்துக்கு 45 பாகையில் இறங்கிப் பிறகு 15 மீட்டர் சமதளமாகும் கரை ஒன்று இருந்தால், கணினி அதை 27 பாகைச் சரிவாகக் காணும். 30-க்குக் கீழே என்பதால் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். அதன் அடியில் நடந்து செல்பவருக்கு அந்தக் கரை 45 பாகைதான்.

இந்தச் சோதனைகளுக்கான கருத்துகளை நான் எங்கிருந்து சேர்க்கிறேன் என்று இளம் ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் பனிக்குழியிலிருந்துதான். குளிர்காலத்தில் தரைவரை குழி வெட்டி, சுவரைச் சமமாகச் செதுக்கி, பத்து செ.மீ. இடைவெளியில் வெப்பநிலை அளந்து, ஒவ்வோர் அடுக்கையும் விரலால் அழுத்திப் பார்ப்போம். மடக்கிய கை முழுவதும் உள்ளே போனால் மென்மை, விரல் போனால் சற்று உறுதி, பென்சில் மட்டும் போனால் உறுதி. தரைக்கு அருகில் பனி 0 பாகையை ஒட்டியும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும் மெல்லிய பனியில், ஒரு மீட்டருக்கு 10 பாகைக்கு மேல் வேறுபாடு ஏற்பட்டால், நீராவி மேல்நோக்கி நகர்ந்து படிகங்களை முனைகள் கூர்ந்த, ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாக மாற்றும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். அந்த அடுக்கு வாரக்கணக்கில் மேலுள்ள பனியைத் தாங்கி நிற்கும். பிறகு 30 செ.மீ. சதுரத் தூண் ஒன்றை அறுத்து, மேலே மண்வாரியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவோம். எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில், எப்படிப் பெயர்ந்தது என்பதைப் பேனா உறைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதுவோம். அந்தக் குறிப்பேட்டை நான் நிரல் எழுதும் மேசைக்கு எடுத்துச்செல்கிறேன். அதில் ஒரு வரியை எடுத்து, இதை மீறும் தரவு வந்தால் என் நிரல் கூச்சலிடுமா என்று கேட்கிறேன். இல்லையென்றால் அன்றைய வேலை அதுதான்.

ஆண்டுக்கு இருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், யாராவது ஒருவர் மலையில் ஒரு கம்பியைக் கழற்றிவிடுவார். எத்தனை நிமிடத்தில் திரை சாம்பலாகிறது, எத்தனை நிமிடத்தில் பணியில் இருப்பவர் தொலைபேசியை எடுக்கிறார், யாரை அழைக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறோம். முதல் முறை அதற்கு நான்கு மணி நேரம் பிடித்தது. சென்ற முறை 23 நிமிடம். அதில் 20 நிமிடம், இரண்டு அளவீடுகள் தொடர்ந்து தவறும்வரை நிரல் பொறுத்திருந்த நேரம். மீதி மூன்று நிமிடத்தில் பணியில் இருந்த இளம் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் நிலையம் சாம்பலாகிவிட்டது, அதற்கு முன் மஞ்சளில் இருந்தது, மஞ்சளாகவே வைத்திருக்கிறேன், சாலைக் காவலுக்கும் சொல்லிவிட்டேன் என்றார்.